மாக்ஸ் கொண்டுவந்த கௌதாரி



போன மாதம் பேத்தி எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரிட்டயர் ஆனப்புறம் நாய்க்கு டிரில் மாஸ்டர் ஆயிட்டீங்களா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். போன் செய்தவர்களிடம் பாதி பாதியாகச் சொன்னேன். மீதிப் பாதி போன வியாழக்கிழமைதான் நடந்தது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். பெல் அடித்த பிறகும் பாடம் எடுத்தவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் காலை ஆறு மணி இருக்கும். சோத்துப்பாறை ரோட்டில் உள்ள தம்பியின் மாந்தோப்பு. வழக்கம்போல மாக்ஸை உட்கார வைத்துவிட்டு, துணிச்சுருளை வேலிப்பக்கம் வீசினேன். போ என்று சொன்னதும் ஓடினான். இலந்தைப் புதருக்குள் தலையை விட்டவன் கொஞ்ச நேரம் வரவே இல்லை. பிறகு வந்தான். வாயில் துணிச்சுருள் இல்லை. ஒரு கௌதாரி. முழுசாக வளராத, சரியாகப் பறக்கப் பழகாத பறவை. கழுத்து ஒருபக்கம் தொங்க, கண் மட்டும் திறந்திருந்தது. அவனோ வாலை ஆட்டிக்கொண்டு நேராக என்னை நோக்கி வருகிறான்.

தோப்புக் காவல்காரர் கத்தினார்: "அடிங்க சார் அதை! ருசி கண்டுருச்சுன்னா அப்புறம் விடாது. கோழி ஒண்ணு தங்காது."

என் கை மேலே போய்விட்டது.

மாக்ஸ் கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வாங்கிய லாப்ரடார். மஞ்சள் நிறம். அடுக்குமாடி வீட்டில் சமாளிக்க முடியாமல் மூன்று மாதக் குட்டியாகக் கொண்டுவந்து, "ஆறு மாசம் மட்டும் பாத்துக்கங்கப்பா" என்று விட்டுப் போனான். ஒன்றரை வருடம் ஆகிறது. பெயர் பேத்தி வைத்தது. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் தோழர் முதல் நாள் காதில் சரியாக விழாமல், "என்ன சார், எங்க தாத்தா பேரை நாய்க்கு வச்சுட்டீங்க?" என்று முகம் வாடிக் கேட்டார். மார்க்ஸ் இல்லை, மாக்ஸ் என்று விளக்க வேண்டியதாயிற்று. வீட்டு அம்மாவுக்கு அந்த வம்பே இல்லை. அவளுக்கு அவன் 'தம்பி'.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நாயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பை ஊர்ப்பேரையே ஒரு நாயினம் தாங்கி நிற்கிறது. செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி. காட்டுப்பன்றியை மறித்து நிற்கும், தொழுவத்தைக் காக்கும். தெற்கே போனால் சிப்பிப்பாறை, கன்னி. முயலைக் கண்ணால் பார்த்துவிட்டால் காற்றாகப் போகும். 2005ஆம் ஆண்டு தபால்துறை நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. ஆனால் நம் நாய்கள் எல்லாம் துரத்துகிற, மறிக்கிற, பிடிக்கிற நாய்கள். லாப்ரடார் அந்த வகை இல்லை. வேட்டையில் அதன் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. பறவை விழுந்தபின் போய், பல் படாமல் எடுத்துக்கொண்டு வந்து கையில் கொடுப்பது. அவ்வளவுதான் அதன் தொழில். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களுக்கு வலைக்கயிறு இழுத்துக் கொடுத்தும், தூண்டிலில் இருந்து நழுவிய மீனைக் கவ்வி வந்தும் பழகிய நாய்களின் வம்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவற்றைக் கொண்டுபோய்ப் பறவை வேட்டைக்குப் பழக்கினார்கள். 1903இல் அங்குள்ள கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

இங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட லைசென்ஸ் வாங்கிச் சிலவற்றைச் சுட வழி இருந்தது. 1991 திருத்தத்தில் அதுவும் போயிற்று. கௌதாரியோ காடையோ, தோப்பில் திரிந்தாலும் வயலில் திரிந்தாலும் பிடிப்பது குற்றம். இது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். ஏன் என்று கேட்டால், ஒரு காலத்தில் நானே ஒரு வேட்டை நாயாக இருந்தவன்.

சிரிக்காதீர்கள். 1964 வாக்கில் எனக்குப் பத்து வயது. என் தாய்மாமா ஒருவரிடம் லைசென்ஸ் வாங்கிய தோட்டாத் துப்பாக்கி இருந்தது. மார்கழி, தை மாதங்களில் விடியுமுன்னே கண்மாய்க்குப் போவார். கண்மாய் நிறைந்து கிடக்கும். கோரைக்குள் சிறகிகள் கூட்டமாக இறங்கியிருக்கும். மாமா கரையில் இருந்து சுடுவார். விழுந்ததை நீந்திப் போய் எடுத்துவருவது என் வேலை. "மாப்ளே, ஓடு!" என்பார். அந்தக் குரலுக்காகவே பனியில் நடுங்கிக்கொண்டு காத்திருப்பேன். எடுத்து வந்து காலடியில் போட்டதும் என் தலையைத் துவட்டிவிடுவார். வீட்டில் என் அப்பா என்னைத் தொட்டுப் பேசிய நினைவே இல்லை. அதனால் அந்தத் துவட்டல் எனக்குப் பெரிசு.

ஒருநாள் ஒரு சிறகி சாகாமல் விழுந்தது. ஒரு இறக்கை ஒடிந்திருந்தது. கோரையை விலக்கிப் பார்க்கிறேன், ஒரு முழ தூரத்தில் தண்ணீரோடு தண்ணீராகத் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறது. என்னைப் பார்க்கிறது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுத்தால் மாமா கழுத்தைத் திருகுவார் என்று தெரியும். திரும்பி வந்து, "காணோம் மாமா" என்றேன். "சரி விடு" என்றார்.

அதைக் காப்பாற்றிவிட்டதாக நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் உயிர்களிடம் அன்பு என்று பேசும்போதெல்லாம் உள்ளுக்குள் அந்தச் சிறகியை நினைத்துப் பெருமைப்பட்டதுண்டு. அதை உடைத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்.

2017இல் மகள் பிரசவத்துக்காக இங்கிலாந்து போய், நார்விச் பக்கம் ஒரு கிராமத்தில் நாலு மாதம் இருந்தோம். வீட்டு அம்மாவுக்குப் பிள்ளை பார்க்கும் வேலை. எனக்கு ஒரு வேலையும் இல்லை. பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவர் ஒரு கறுப்பு லாப்ரடார் குட்டியைப் பழக்கிக்கொண்டிருந்தார். தினமும் வேலி ஓரம் நின்று பார்ப்பேன். வாத்தியார் இன்னொரு வாத்தியாரைப் பார்க்கிற பார்வைதான். ஒரு வாரம் கழித்து, "உள்ளே வாருங்கள்" என்று கூப்பிட்டார்.

அங்கே அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் பறவை வேட்டைக் காலம். நம் காட்டுக்கோழிக்குத் தூரத்துச் சொந்தம், வால் மட்டும் நீளம். சுடுகிறவர்கள் வேறு. விழுந்ததைத் தேடி எடுக்க நாயோடு வருகிறவர்கள் வேறு. இவர் இரண்டாவது வகை. துப்பாக்கியே தொடுவதில்லை.

அவர் பழக்கிய விதத்தைப் பார்த்து முதலில் எனக்கு ஏமாற்றம். ஒன்றுமே நடக்காது. குட்டியை உட்கார வைப்பார். கேன்வாஸ் துணியில் செய்த டம்மியை வீசுவார். வளர்ந்த நாய்க்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். குட்டிக்கு அதில் பாதி. குட்டி துடிக்கும். அவரோ தானே நடந்துபோய் அதை எடுத்து வருவார். மறுபடி வீசுவார், மறுபடி தானே எடுப்பார். மூன்றாவது தடவை குட்டியை விடுவார். நாலு தடவை ஆனதும் பையை மூடிவிடுவார். "இன்னும் வேண்டும் என்று அது நினைக்கும்போதே நிறுத்த வேண்டும்" என்றார். நாற்பத்தைந்து நிமிடம் பீரியட் எடுத்துப் பழகிய எனக்கு அது உறைக்கவே சில நாள் ஆனது.

விசிலில் நீளமாக ஒன்று ஊதினால் உட்கார். சின்னச் சின்னதாக விட்டுவிட்டு ஊதினால் திரும்பி வா. துணி டம்மிக்குப் பழகிய பிறகு அதில் பறவை இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டுவார், இறகின் மணமும் வாயில் படும் உணர்வும் பழகுவதற்கு. அதற்கும் பிறகுதான் செத்துக் குளிர்ந்துபோன பறவை. உடம்பு சூடு ஆறாத, ரத்தம் வடியும் பறவையைக் கடைசியாகத்தான் தருவார். அதை முதலில் கொடுத்தால் வாயை அழுத்திவிடும், ஒருமுறை அழுத்திப் பழகிவிட்டால் திருத்துவது கடினம் என்றார். துப்பாக்கிச் சத்தத்தையும் அப்படித்தான், எங்கோ தூரத்தில் தொடங்கி நாள்கணக்கில் பக்கத்தில் கொண்டுவந்தார்.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவரிடம் என் சிறகிக் கதையைச் சொன்னேன். பாராட்டுவார் என்றுதான் சொன்னேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, "பாவம், அந்தப் பறவை" என்றார். "இறக்கை ஒடிந்த வாத்து என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு நாளோ நாலு நாளோ கிடந்து பட்டினியில் சாகும், இல்லாவிட்டால் நரி தின்னும். செத்துப்போனதை எடுக்க நாய் எதற்கு, என்னாலேயே முடியும். சாகாமல் ஒளிந்து கிடப்பதைக் கண்டுபிடிக்கத்தான் நாய்." நான் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி அந்தக் கண்மாய்க் கோரையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். மாமாவிடம், "அது கிடக்கு மாமா, எனக்கு எடுக்கப் பயமா இருக்கு" என்று ஏன் சொல்லவில்லை? சொன்னால் தலையைத் துவட்ட மாட்டாரோ என்ற பயம். அவ்வளவுதான் காரணம்.

மாக்ஸ் வந்தபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. வேட்டை கிடையாது, சரி. ஆனால் எடுத்துவரப் பிறந்த நாயை வாசலில் கட்டிப்போட்டுப் பிஸ்கட் போட்டால் அது செருப்பைத்தான் எடுக்கும். (பனிக்கரடி மாதிரி ரோமம் உள்ள நாய்களை வாங்கிவந்து சித்திரை வெயிலில் தவிக்கவிடுகிற நம் பிள்ளைகள் சிலருக்கும் இதில் சேதி உண்டு. லாப்ரடாருக்கே இரட்டை ரோமம். காலை ஆறரை, ஏழுக்கு மேல் ஓடவிடுவதில்லை.) அதனால் அந்தப் பெரியவரிடம் பார்த்ததை இங்கே செய்து பார்ப்பது என்று தொடங்கினேன்.

மகனின் பழைய ஜீன்ஸ் காலை வெட்டிப் பஞ்சடைத்துத் தைத்தோம். மளிகைக் கடையில் எடை போட்டுக் கால் கிலோவுக்கு நிறுத்தினேன். முதல் தடவை வீசியதும் ஓடிப்போய்க் கவ்வினான். கவ்வியதும் எதிர்ப்பக்கம் ஓடினான். நான் துரத்தினேன். அவனுக்கு அதுதான் விளையாட்டு என்றாகிவிட்டது. ஒரு வாரம் தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகுதான் பெரியவர் குட்டியைக் கூப்பிட்டபடி தான் எதிர்ப்பக்கம் ஓடுவது நினைவுக்கு வந்தது. இந்த வயதில் நான் ஓட, பின்னால் அவன் ஓடி வந்தான். அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் வைத்துப் பழக்கினேன். இரண்டு பக்கமும் சுவர், ஒருபக்கம் பூட்டிய கேட். எடுத்தால் என்னிடம் வருவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை.

நாலைந்து மாதத்தில் பல் விழுந்து முளைக்கும். ஈறு வலிக்கும். அப்போது எதையும் எடுக்கச் சொல்லக்கூடாது. அது தெரிந்தும் ஒருநாள் சொன்னேன். கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். மூன்று வாரம் பையைத் திறக்கவே இல்லை.

வாயில் இருப்பதை வெடுக்கென்று பிடுங்குவது இன்னொரு தப்பு. கொண்டுவந்தவன் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு பெருமையாக நிற்பான். கழுத்தைத் தடவிக் கொடுக்க வேண்டும். அவனாகத் தளர்த்தும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே பெரியவர் சொன்னது ஒன்று: அது எதைக் கொண்டுவந்தாலும் திட்டாதே. உன் புதுச் செருப்பைக் கொண்டுவந்தாலும், செத்த எலியைக் கொண்டுவந்தாலும், வந்ததற்காக நல்ல வார்த்தை சொல். அது எடுத்ததற்காக நீ அடிப்பாய். அது வந்ததற்காக அடி வாங்கியதாகவே நினைக்கும். அடுத்த தடவை உன்னிடம் வராது.

கறிக்கடையில் நாட்டுக்கோழி இறக்கை வாங்கிக் கட்டிப் பார்த்தோம். முதல் இரண்டு இறக்கையைத் தின்றே விட்டான். கேம்பிரிட்ஜில் 2016இல் ஒரு ஆய்வு வந்தது. லாப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு ஒரு மரபணுவில் சிறு பகுதி விடுபட்டிருக்கிறதாம். அதனால் பசி அடங்குவதில்லை. நம் ஆள் அந்த நாலில் ஒன்றுதான், எனக்குச் சந்தேகமே இல்லை. போன மாம்பழக் காலத்தில் தோப்பில் உதிர்ந்த காசா லட்டை எடுத்துவரப் பழக்கினேன். முதல் ஏழெட்டுப் பழத்தில் பல் இறங்கியிருந்தது. சீசன் முடியும்போது ஒரு கோடுகூட இல்லாமல் கொண்டுவந்தான். (கொட்டையோடு தின்னவிடாதீர்கள். குடலில் அடைத்தால் ஆபரேஷன்தான்.)

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

கை மேலே போனது என்றேன். அது யோசித்துப் போன கை இல்லை. முப்பத்துமூன்று வருடம் பிரம்பு பிடித்த கை, தானாகப் போயிற்று. மாக்ஸ் பாதி வழியில் நின்றான். வால் நின்றது. காது பின்னால் போயிற்று. ஆனால் வாயை இறுக்கவில்லை, பறவையைக் கீழே போடவும் இல்லை. என்னையே பார்த்தான்.

அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

1987ஆம் வருடம். எட்டாம் வகுப்பு. பள்ளியின் பெயர் வேண்டாம், பையனின் பெயரும் வேண்டாம். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கைலென்ஸ் காணாமல் போனது. இருந்ததே இரண்டு. இரண்டு நாள் எல்லாப் பையையும் தேடியாயிற்று. மூன்றாம் நாள் மதியம் அவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். மலையடிவாரத்தில் இருந்து நடந்து வருகிற பையன். சட்டைப் பையில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். இலவம்பஞ்சு. அதைப் பிரித்தால் உள்ளே லென்ஸ். "எறும்பு பாக்க எடுத்தேன் சார்" என்றான். சக ஆசிரியர்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "திருட்டுப்பயல வளரவிடாதீங்க சார்" என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து பிரம்பை எடுத்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை.

அவன் படிப்பை விடவில்லை. பத்தாவது வரைக்கும் அங்கேதான் படித்தான். ஆனால் அந்த மூன்று வருடத்தில் ஒரு சந்தேகம் கேட்டு, ஒரு நோட்டை நீட்டி, ஒரு தடவைகூட என் மேசைப்பக்கம் வரவில்லை. எறும்பைப் பார்க்க லென்ஸ் எடுக்கிற பையன் ஒரு அறிவியல் வாத்தியாருக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கிடைப்பான்? பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தானே, அந்த லென்ஸில் ஒரு கீறல் இல்லை. அதை நான் அன்றைக்கே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.

கையைக் கீழே இறக்கினேன். முழங்கால் ஒத்துழைக்காது, இருந்தாலும் மண்ணில் உட்கார்ந்தேன். "வாடா தம்பி" என்றேன். கொஞ்சம் யோசித்தான். வந்தான். கழுத்தைத் தடவினேன். அவனாக வாயைத் திறந்ததும் கௌதாரி என் இரண்டு கைக்குள் வந்தது. இறகெல்லாம் எச்சில். நெஞ்சு என் விரலில் படபடவென்று அடித்தது. இறக்கையை மெல்ல விரித்துப் பார்த்தேன். ஒடியவில்லை. ரத்தம் இல்லை. காவல்காரர் பக்கத்தில் வந்து, "ஒண்ணும் ஆகலையே சார்" என்றார், நம்ப முடியாமல். மாக்ஸைக் கட்டிவிட்டு, அது வந்த இலந்தைப் புதருக்கு அடியில் கொண்டுபோய் விட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு குடுகுடுவென்று ஓடி முள்ளுக்குள் மறைந்தது. உள்ளே இருந்து தாய்க் கௌதாரி கூப்பிடும் சத்தம் கேட்டது. குஞ்சு பெரிதாகும்வரை அந்த வேலிப்பக்கம் நாங்கள் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். துணிச்சுருள் அங்கேயே கிடக்கிறது. புதிதாக ஒன்று தைக்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். திருப்பூரில் இருக்கிறான் என்று அவனோடு படித்த ஒருவன் சொன்னான். இந்தப் பக்கத்தில் இருக்கிறானா தெரியாது. அந்த செட்டில் யாருக்காவது அவன் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இங்கே பெயரைப் போட வேண்டாம். நான்தான் கூப்பிட வேண்டும், அவனைக் கூப்பிடச் சொல்லாதீர்கள். அந்த வரிசையில் இன்னும் சிலரும் இருப்பீர்கள். உங்களிடமும் பேச வேண்டும், ஒவ்வொருவராக.

நாய் படம் கேட்ட பேரப்பிள்ளைகளுக்காகக் கீழே ஒன்று போட்டிருக்கிறேன். வாயில் இருப்பது மாங்காய். வனத்துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் பதற வேண்டாம்.